உச்சி முதல் வேர் வரை – 9: முடிக்குச் சோறு எந்த வழியாகப் போகிறது?

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி மேலேறும் சாலை, கல்வராயன் மலையின் வெள்ளிமலைக்குக் கொண்டுபோய் விடுகிறது. வழியெங்கும் மரவள்ளிக் கொல்லைகள். மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களில் பெட்டிக்கடை வாசலில் ஷாம்பு பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்குகின்றன. கீழே கள்ளக்குறிச்சி நகரத்து ஃபேன்ஸி ஸ்டோர்களில் அடுத்த கட்டம் வந்துவிட்டது: சொட்டு மூடி போட்ட சிறிய கண்ணாடிக் குப்பிகள், மேலே 'அமினோ அமிலம் அடங்கியது' என்ற எழுத்து. தலைக்குத் தடவும் சீரம். கைபேசி விளம்பரம் மலைக்கும் சமவெளிக்கும் ஒரே நாளில் போய்ச் சேர்வதால், முடி கொட்டுகிறதே என்று கவலைப்படும் பெண்கள் இரண்டு இடத்திலும் இதைப் பற்றியே கேட்கிறார்கள். இந்த வாரம் அந்தக் கேள்விக்கு விடை தேடுவோம்.

விளம்பரம் சொல்லும் கணக்கு மூன்று வரிகளில் அடங்கும். முடி புரதத்தால் ஆனது. புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. ஆகவே அமினோ அமிலத்தைத் தலையில் தடவினால் முடி வளரும். முதல் இரண்டு வரிகளும் உண்மை. மூன்றாவது வரி அவற்றிலிருந்து பிறக்கவில்லை.

முடியின் புரதத்துக்குக் கெரட்டின் என்று பெயர். அதில் சிஸ்டீன் என்ற கந்தகம் கலந்த அமினோ அமிலம் மிகுதி. இரண்டு சிஸ்டீன்களின் கந்தக அணுக்கள் கைகோப்பதால்தான் முடி இத்தனை உறுதியாக இருக்கிறது. முடி கருகும்போது வரும் நாற்றமும் அந்தக் கந்தகத்தால்தான். ஆனால் இந்தப் புரதம் நெய்யப்படுவது தோலுக்குமேல் அல்ல, சில மில்லிமீட்டர் ஆழத்தில், முடி வேரின் அடியில் இருக்கும் குமிழில். உடலிலேயே மிக வேகமாகப் பெருகும் செல்களில் அங்குள்ளவையும் சேரும். அவற்றுக்கு வேண்டிய அமினோ அமிலம், இரும்பு, துத்தநாகம் எல்லாவற்றையும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கொண்டுவந்து கொடுக்கின்றன. மாதம் சுமார் 1 செ.மீ. வளர்ந்து தோலுக்கு வெளியே தெரியும் பகுதி உயிரற்ற இழை. அது உண்பதும் இல்லை, வளர்வதும் இல்லை.

மேலே தடவியது அந்தக் குமிழ்வரை போகாதா? தோலின் மேலடுக்கு மெல்லியதுதான், ஆனால் கொழுப்பால் பூசிய நெருக்கமான சுவர். 500 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) மேற்பட்ட மூலக்கூறுகள் அதைக் கடப்பது அரிது என்பது தோல் மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. அமினோ அமிலங்கள் சிறியவை. கிளைசின் 75 டால்டன், மிகப் பெரிய டிரிப்டோபேன் 204 டால்டன். அளவில் தேறிவிடுகின்றன. ஆனால் அவை மின்னேற்றம் கொண்டவை, நீரில் கரைபவை. கொழுப்புச் சுவர் அவற்றை எளிதில் விடுவதில்லை. முடித்துளை வழியாகக் கொஞ்சம் இறங்கினாலும், இருபது அமினோ அமிலங்களையும் இரவு பகலாகச் சுமந்துவரும் ரத்தத்தின் முன் அந்தச் சொட்டு எம்மாத்திரம்?

அப்படியென்றால் சீரம் முழுக்க வீணா? இல்லை. இழைக்கு அது நல்லது செய்கிறது. ஆர்ஜினின் போன்ற நேர் மின்னேற்றம் கொண்ட அமினோ அமிலங்களும் உடைத்த புரதத் துணுக்குகளும், சாயத்தாலும் சூட்டாலும் சிதைந்த முடியில் ஒட்டிக்கொள்ளும். சிக்கு குறையும், உடைவது குறையும், பளபளப்பு கூடும். கல்வராயன் மலைக்காரர்களுக்கு இதை விளக்கக் கடுக்காயே போதும். அந்த மலையின் பேர்போன காட்டுப் பொருள் அது. தோல் பதனிடும்போது கடுக்காயின் துவர்ப்பு, உரித்த தோலின் புரதத்தோடு பிணைந்து அதை அழுகாமல் உறுதியாக்குகிறது. புதுத் தோலை வளர்ப்பதில்லை. சீரத்தின் அமினோ அமிலத்துக்கும் முடி இழைக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

இன்று விற்கும் சீரங்கள் பலவும் கூட்டுக் கலவைகள். ரெடன்சில் என்ற பெயரில் வரும் கலவையில் கிளைசினோடு துத்தநாகமும் தாவர மூலக்கூறுகளும் உண்டு. கேபிக்சில், புரோகேபில் போன்றவற்றில் மூன்று நான்கு அமினோ அமிலங்களைக் கோத்த பெப்டைடுகள் உண்டு. இவை வேருக்குச் சமிக்ஞை கொடுக்கும் என்பது தயாரிப்பாளர்களின் வாதம். ஆராயத் தகுந்த வாதம்தான். ஆனால் கையில் இருக்கும் சோதனைகள் சிறியவை. பலவும் தயாரிப்பாளர்களே நடத்தியவை. கலவையில் எது வேலை செய்தது என்று பிரித்துக் காட்டுவதும் கடினம்.

அமினோ அமிலம் முடியை வளர்க்கிறது என்பதற்கு மறுக்கமுடியாத சான்று ஒன்று உண்டு. அது தலைவழியாக வந்ததல்ல, வயிற்றுவழியாக வந்தது. 1930-களில் ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்டில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், தாய்ப்பால் நிறுத்திய குழந்தைகளிடம் குவாஷியார்கர் என்ற நோயை விவரித்தார். கால் வீங்கும், தோல் உரியும், முடி செம்பட்டையாகி மெலிந்து, இழுத்தால் வலியின்றிக் கையோடு வரும். சில குழந்தைகளின் முடியில் வெளிர் பட்டையும் கரும் பட்டையும் மாறி மாறி இருக்கும். பட்டினி மாதங்களும் சோறு கிடைத்த மாதங்களும் அதில் வரிவரியாகப் பதிந்திருக்கும். நம் நாட்டில் இந்தப் பசியை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தவர், 1918-இல் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். குன்னூர் ஆய்வுக்கூடத்தில் தொடங்கி, ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துக்குத் தலைமை தாங்கியவர். கல்வராயன் மலைக்கு மறுபக்கத்து ஊர்க்காரர்.

ஆகவே, குப்பியைப் பார்ப்பதற்குமுன் தட்டைப் பார்க்க வேண்டும். சாமைச் சோற்றில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. கொள்ளிலும் மொச்சையிலும் துவரையிலும் அது நிறைவு. பருப்பில் குறையும் கந்தக அமினோ அமிலங்களைத் தானியம் ஈடுகட்டுகிறது. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் ஒரே தட்டில் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது. கொள்ளில் 100 கிராமுக்குச் சுமார் 22 கிராம் புரதம். மரவள்ளிக் கிழங்கில் 1 கிராம் அளவுதான். அதோடு மரவள்ளியில் இயற்கையாக உள்ள சயனைடு நஞ்சை முறிக்க, உடல் கந்தக அமினோ அமிலங்களையே செலவிடுகிறது. நன்றாக வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டு, பருப்போ மீனோ முட்டையோ சேர்த்துச் சாப்பிடுபவர்களுக்கு இதனால் கவலை இல்லை. கிழங்கையே முழுச் சாப்பாடாக்கிக்கொள்ள நேரும் ஏழைக் குடும்பத்துக்கு அது கவலைக்குரியது.

இன்னொன்று ரத்தம். 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்குமேல்! இரும்புச்சத்துக் குறைவு முடி கொட்டுவதோடு சேர்ந்து காணப்படும் ஒன்று; தைராய்டு கோளாறும் அப்படியே. பிரசவம், கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டும் முடி, பெரும்பாலும் சில மாதங்களில் தானே திரும்பி வளரும். அந்தச் சமயத்தில் வாங்கிய சீரத்துக்கு அந்தப் புகழ் போய்ச்சேர்வது வாடிக்கை.

தடவி முடி வளரும் மருந்தே இல்லையா என்றால், இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாக வந்த மினாக்ஸிடில், 1988-இல் அமெரிக்காவில் தலையில் தடவும் மருந்தாக ஒப்புதல் பெற்றது. பரம்பரை வழுக்கைக்குப் பலருக்கும் பயன் தருகிறது. பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். முதலில் கொஞ்சம் கூடுதலாகக் கொட்டும். நிறுத்தினால் பலனும் போய்விடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்க்க வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. அதோடு, நம் நாட்டு மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை, புது முடி முளைக்கவைப்பதாக எந்த மருந்தும் உறுதி கூறுவதைத் தடுக்கிறது. அந்த உறுதியை ஓர் அழகுசாதனக் குப்பி கொடுத்தால் நம்பாதீர்கள்.

முடி கொட்டுகிறது என்று வரும் பெண்ணிடம் வீட்டிலுள்ளவர்கள் எந்த எண்ணெய், எந்த சீரம் என்றுதான் பேசுகிறார்கள். எத்தனை நாளாகக் கடைசியாகச் சாப்பிடுகிறாய், மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா என்று யாரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அடிச்சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடும் பழக்கம் மலையிலும் உண்டு, சமவெளியிலும் உண்டு. சீரம் வாங்கக் காசு எடுத்துவைத்திருந்தால், ஒருமுறை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே அதற்குக் கட்டணம் இல்லை. மேல் பரிசோதனைக்கும் தோல் மருத்துவருக்கும் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மிச்சமாகும் காசுக்கு முட்டையும் பருப்பும் கீரையும் வாங்குங்கள். வாங்கியதை அந்தப் பெண்ணும் வயிறாரச் சாப்பிடட்டும்.

அடுத்த வாரம்: பழனியிலும் திருப்பதியிலும் காணிக்கையாகும் முடி எங்கே போகிறது?

(தொடரும்)