சுற்றத் தெரிந்தது, நிற்கத் தெரியவில்லை

கட்டளைகளைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் 'லூப்' இல்லாமல் கம்ப்யூட்டர் உலகமே இல்லை. ஆனால் ஒரே ஒரு நாளை மறந்த லூப் என்ன செய்யும் என்பதை 2008ஆம் ஆண்டின் கடைசி நாள் காட்டியது.

2008 டிசம்பர் 31. உலகம் புத்தாண்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 'ஸூன்' கையடக்கப் பாட்டுக் கருவிகள் ஆயிரக்கணக்கில் உறைந்துபோயின. 30 ஜிபி மாடல் மட்டும்தான். பொத்தானை அழுத்தினால் தொடக்கத் திரை தெரியும், அதோடு சரி. வைரஸ் இல்லை, வன்பொருள் கோளாறும் இல்லை. நிறுவனம் சொன்ன வைத்தியம் இன்னும் விசித்திரம்: "பாட்டரி முழுவதும் தீரட்டும். ஜனவரி 1ஆம் தேதி, கிரீன்விச் நேரப்படி நண்பகலுக்குப் பிறகு சார்ஜ் செய்யுங்கள்." அப்படிச் செய்ததும் கருவிகள் எதுவுமே நடக்காததுபோல் பாட ஆரம்பித்தன.

கடிகாரத்தை இயக்கும் நிரலைப் புரோகிராமர்கள் படித்துப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. குற்றவாளி, சில வரிகளே கொண்ட ஒரு லூப்.

லூப் என்பது ஒன்றும் புதிரான விஷயமல்ல. பிள்ளையாரை 108 முறை வலம் வருவதாக வேண்டிக்கொண்ட பாட்டி, கையில் 108 புளியங்கொட்டைகளுடன் கிளம்புகிறார். சுற்றுக்கு ஒன்றாகக் கீழே வைக்கிறார். கை காலியானதும் வீட்டுக்குத் திரும்புகிறார். எத்தனை சுற்று என்பது முன்பே தெரியும். கம்ப்யூட்டர் மொழிகளில் இது 'ஃபார்' லூப். அதே பாட்டி அடுப்படியில் பாகு கிளறும்போது எண்ணுவதில்லை. கம்பிப் பதம் வரும் வரை கிளறுகிறார். இது 'வைல்' லூப். எந்த வகையானாலும் மூன்று விஷயங்கள் வேண்டும். ஒரு தொடக்கம், நிற்பதற்கு ஒரு நிபந்தனை, ஒவ்வொரு சுற்றிலும் அந்த நிபந்தனையை நோக்கி நகரும் ஏதோ ஒன்று. புளியங்கொட்டையைக் கீழே வைக்க மறந்தால் பாட்டிக்குக் கால் வலிக்கும், நின்றுவிடுவார். கம்ப்யூட்டருக்குக் கால் வலிக்காது.

ஸூனில் நடந்தது இதுதான். அதன் கடிகாரம் 1980 ஜனவரி 1 முதல் கழிந்த நாட்களை எண்ணி வைத்திருந்தது. அதிலிருந்து ஆண்டைக் கண்டுபிடிக்க ஒரு வைல் லூப்: மிச்ச நாட்கள் 365ஐவிட அதிகமாக இருக்கும் வரை, ஓர் ஆண்டுக்கான நாட்களைக் கழித்து, ஆண்டில் ஒன்றைக் கூட்டு. லீப் ஆண்டாக இருந்தால், மிச்சம் 366ஐத் தாண்டினால் மட்டுமே 366ஐக் கழி.

அன்றைய தேதிக்கு 1980 முதல் 2007 வரை 28 சுற்றுகள் பிசகின்றி ஓடின. மிச்சம் 366. அது 365ஐவிட அதிகம், ஆகவே லூப் நிற்கக் கூடாது. 2008 லீப் ஆண்டு. ஆனால் 366 என்பது 366ஐத் தாண்டவில்லை, ஆகவே எதையும் கழிக்கக் கூடாது. எதுவும் மாறாமல் மீண்டும் முதல் வரி. மறுபடி அதே கேள்வி, அதே பதில். டிசம்பர் 30 அன்று மிச்சம் 365, சிக்கலில்லை. ஜனவரி 1 அன்று 367, அப்போதும் சிக்கலில்லை. நடுவில் அந்த ஒரு நாள்தான் படுகுழி. ஸூன் 2006 நவம்பரில் சந்தைக்கு வந்தது. அது கண்ட முதல் லீப் ஆண்டின் கடைசி நாள் அதுவே என்பதால், அதுவரை யார் கண்ணிலும் படவில்லை.

லூப்பின் வரலாறு கம்ப்யூட்டரைவிடப் பழையது. சார்லஸ் பாபேஜ் கனவு கண்ட இயந்திரத்துக்காக ஏடா லவ்லேஸ் 1843இல் வெளியிட்ட குறிப்புகளிலேயே, ஒரே செயல்வரிசையைத் திரும்பச் செய்து பெர்னூலி எண்களைக் கணக்கிடும் வழி இருக்கிறது. இயந்திரம் கட்டி முடிக்கப்படவே இல்லை. லூப் மட்டும் பிழைத்தது. 1957இல் ஐபிஎம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழி அதற்கு 'டூ' என்று பெயர் வைத்தது. இந்தியாவில், 1963இல் ஐஐடி கான்பூருக்கு வந்த ஐபிஎம் 1620 கம்ப்யூட்டரில் ஃபோர்ட்ரான் கற்ற தலைமுறை இந்தச் சொல்லோடுதான் வளர்ந்தது. இன்று சிபிஎஸ்இ 11ஆம் வகுப்பு மாணவர்கள் பைத்தான் மொழியில் ஃபாரையும் வைலையும் படிக்கிறார்கள்.

நிற்காத லூப்பைக் கண்டுபிடிக்க இன்னொரு புரோகிராம் எழுதினால் என்ன? அந்தக் கதவு எப்போதோ மூடிவிட்டது. எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் அது நிற்குமா, நிற்காதா என்று தவறாமல் சொல்லும் பொதுவான வழி இருக்கவே முடியாது என்பது, பிரிட்டிஷ் கணித மேதை ஆலன் டூரிங் 1936இல் எழுதிய ஆய்விலிருந்து பிறந்த முடிவு. குறிப்பிட்ட சில புரோகிராம்களைச் சோதித்துச் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் பொருந்தும் மந்திரக்கோல் கிடையாது. அதனால்தான் முக்கியமான கருவிகளில் 'வாட்ச்டாக்' என்ற காவல் கடிகாரத்தை வைக்கிறார்கள். குறித்த நேரத்துக்குள் புரோகிராமிடமிருந்து சேதி வராவிட்டால், கருவியை அதுவே மீண்டும் தொடக்கத்திலிருந்து இயக்கும். நோய்க்கு மருந்தல்ல, மயங்கி விழுந்தவர் முகத்தில் தண்ணீர் தெளிப்பது மாதிரி.

நிஜமான மருந்து பழையது, மலிவானது: காகிதமும் பென்சிலும். லூப்பை எழுதியதும் எல்லைக்கோட்டில் நிற்கும் எண்களைப் போட்டு, ஒவ்வொரு சுற்றிலும் எது மாறுகிறது என்று கையால் எழுதிப் பார்ப்பது. ஸூன் விஷயத்தில் 365, 366, 367 என்ற மூன்று எண்கள் போதும். இரண்டாவது எண்ணிலேயே பென்சில் அதே இடத்தில் சுற்ற ஆரம்பித்திருக்கும். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் விட்டதற்கு, வாங்கியவர்கள் பாட்டரி தீரும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.