பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டில் ஏசி: மாட்டும் முன் பார்க்க வேண்டியவை

வடசென்னையின் பெரம்பூருக்கு ரயில்வே பணிமனை வந்தது 1856-இல். ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். தொடங்கியது 1955-இல். இடைப்பட்ட நூறு ஆண்டுகளில் எழுந்த சுண்ணாம்புக் காரை வீடுகளில் சில, அடுக்குமாடிகளுக்கு நடுவே இன்னும் நிற்கின்றன. ஒன்றரை அடிச் செங்கல் சுவர், பதினோரு பன்னிரண்டு அடி உயரம், தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கற்களை நிறுத்தி வைத்துச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரை. திறந்த ஜன்னலையும் கடற்காற்றையும் நம்பிக் கட்டிய வீடுகள் இவை. பக்கத்து மனையில் நான்கு மாடி எழும்பிக் காற்றை மறைத்த பிறகு, இங்கே ஏசி மாட்டலாமா என்ற கேள்வி வருகிறது. தாராளமாக மாட்டலாம். புது ஃபிளாட்டில் மாட்டுகிற அதே முறையில் மாட்டினால்தான் சிக்கல்.

ஏசி செய்யும் வேலை

ஸம்ப்பில் இருக்கும் தண்ணீரை மோட்டார் மாடித் தொட்டிக்கு ஏற்றுவதுபோல, ஏசி அறையின் வெப்பத்தை எடுத்து அதைவிடச் சூடான தெருவில் கொட்டுகிறது. அதையே திருப்பி ஓட்டினால் வெளியிலுள்ள வெப்பம் வீட்டுக்குள் வரும். ஐரோப்பாவில் பழைய கல் வீடுகளைக் குளிர்காலத்தில் சூடாக்க மாட்டுகிறார்களே ஹீட் பம்ப், அது இதே இயந்திரம்தான்.

1 டன் ஏசி மணிக்குச் சுமார் 3.5 யூனிட் வெப்பத்தை வெளியேற்றும். அதற்குச் செலவாகும் மின்சாரம் ஏறக்குறைய 1 யூனிட். ஏற்ற வேண்டிய உயரம், அதாவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம், கூடினால் செலவும் கூடும். ரிமோட்டில் 18 வைப்பது ஒரு பக்கம் உயரத்தைக் கூட்டுகிறது. அவுட்டோர் யூனிட்டைக் காற்றில்லாத சந்தில் அடைப்பது மறுபக்கம் கூட்டுகிறது. அது கக்கிய சூட்டை அதுவே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும்.

கூரையும் சுவரும்

தடித்த சுவருக்கு ஒரு குணம் உண்டு. பகல் வெயிலை உடனே உள்ளே விடாமல் வாங்கி வைத்துக்கொண்டு, பல மணி நேரம் கழித்து விடும். நீங்கள் கதவைச் சாத்தி ஏசி போடும் இரவு ஒன்பது மணிக்குத்தான் சுவரும் கூரையும் சூட்டை இறக்கும். ஆகவே முதல் செலவு மாடியில். தட்டோடுகளுக்கு இடையிலுள்ள வெடிப்புகளை அடைத்து, மேலே வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பும் கூல் ரூஃப் பெயிண்டோ அடித்தால், கூரை வாங்கும் சூடே குறையும்.

அடுத்தது ஓதம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், காய்ந்தும் விடும். அதன்மேல் சிமென்ட் பூசி, பெயிண்டால் மூடினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்துப் பொரியும். அந்த ஈரத்தில் ஒரு பங்கு அறைக் காற்றில் கலக்கிறது. அதையும் நீராக்கி வெளியேற்ற ஏசி மின்சாரம் செலவழிக்க வேண்டும். ஓதத்தைச் சரிசெய்து, பழுதான இடங்களில் சுண்ணாம்புக் காரையே பூசச் சொல்லுங்கள்.

உயரமான கூரை என்று பயந்து ஃபால்ஸ் சீலிங் போட வேண்டாம். கரையான் ஏறினாலும், சுவரில் செருகிய கட்டை முனை ஈரத்தில் இற்றாலும் கண்ணுக்குத் தெரியாமல் போகும். குளிர்ந்த காற்று கனமானது, கீழேயே தங்கும். இன்டோர் யூனிட்டை ஏழரை, எட்டு அடி உயரத்தில் மாட்டினால் போதும். மேலே உள்ள வெண்டிலேட்டர்களுக்குத் திறந்து மூடும் கண்ணாடி போடுங்கள். நிரந்தரமாக அடைத்துவிட்டால் ஏசி இல்லாத நேரத்தில் சூடு வெளியேற வழியிருக்காது.

மாட்டும் நாளில்

அவுட்டோர் யூனிட் முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும், ஓடும்போது அதிரும். நூறு வயதுச் செங்கல்லில் ஆங்கர் போல்ட்டை முடுக்கினால் கல் பிளக்கலாம். மொட்டைமாடியில் ரப்பர் பேட் வைத்த ஸ்டாண்டு நல்லது. அதுவும் அறையின் நடுவே வேண்டாம். கீழே சுவர் ஓடும் கோட்டுக்கு மேல் நிறுத்துங்கள்.

பைப்புக்கான துளையைச் சுத்தியலும் உளியும் கொண்டு உடைக்க விடாதீர்கள். கோர் கட்டிங் மெஷினில், வெளிப்பக்கம் சற்றே சரிவாகப் போட வேண்டும். கட்டை முனைகள் செருகிய இடத்தைத் தவிர்க்க வேண்டும். டிரெய்ன் பைப்பைக் கீழ்வரை இறக்கிவிடுங்கள். சென்னையின் புழுக்கத்தில் ஓர் இரவுக்குப் பல லிட்டர் தண்ணீர் சொட்டும். அது சுவரில் வழிந்தால் காரை கரையும். கேஸ் திறக்கும் முன் வேக்குவம் பம்ப் போட்டாரா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். பைப்பில் காற்றும் ஈரமும் தங்கினால் கம்ப்ரஸரின் ஆயுள் குறையும். இப்போது பரவலாக வரும் ஆர்-32 கேஸ் ஓரளவு தீப்பற்றக்கூடியது. அந்த வேலை நடக்கும்போது பக்கத்தில் நெருப்பு கூடாது.

பழைய மரப்பட்டி வயரிங்கில் ஏசியை ஒருபோதும் இணைக்காதீர்கள். மெயின் போர்டிலிருந்து தனி காப்பர் வயர், தனி எம்சிபி, சோதித்துப் பார்த்த எர்த் மூன்றும் கட்டாயம்.

வடசென்னைக்கென்று ஒரு தொல்லை உண்டு: கடலின் உப்புக் காற்று. அதோடு ஓட்டேரி நல்லா போன்ற கால்வாய்களின் பக்கம் எழும் அழுகிய முட்டை நாற்றம், அதாவது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அது செம்பை அரிக்கும்; காயிலில் நுண்ணிய ஓட்டை விழுந்து கேஸ் கசியும். துருக்காப்புப் பூச்சுள்ள காயில் கொண்ட ஏசியாக வாங்கி, அவுட்டோர் யூனிட்டை அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஆண்டுதோறும் கேஸ் நிரப்பச் சொன்னால் நிரப்பிக்கொண்டே போகாதீர்கள்; கசிவைக் கண்டுபிடித்து அடைக்கச் சொல்லுங்கள். மூடிய குழாயில் சுற்றும் கேஸ் தானாகத் தீராது.

எத்தனை டன்?

கடைக்காரர் தரையின் சதுர அடியை மட்டும் கேட்டு டன்னைச் சொல்லிவிடுவார். உங்கள் தலைக்கு மேல் மாடி வீடு இருக்கிறதா, வெயில் விழும் மொட்டைமாடியா, மேற்குச் சுவர் எது என்பதையும் சொல்லிக் கேளுங்கள். 2020 ஜனவரி முதல் புது ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. ஃபேனையும் சேர்த்துப் போட்டால் 26-இலேயே பலருக்குச் சுகமான தூக்கம் வரும்.

கையில் இருக்கும் பணத்தை மாடி, ஓதம், வயரிங், பிறகு ஏசி என்ற வரிசையில் செலவிடுங்கள். முதல் இரண்டையும் முடித்துவிட்டுக் கணக்குப் போட்டால், ஒன்றரை டன் கேட்ட அறைக்கு ஒரு டன்னே போதுமானதாக இருக்கலாம். அந்த மிச்சம் ஒவ்வொரு கரண்ட் பில்லிலும் தெரியும்.