தைராய்டு பரிசோதனை: எதைக் கேட்பது, எப்போது கொடுப்பது?

காலையில் எழும்போதே களைப்பு. சாப்பாடு கூடவில்லை, எடை மட்டும் கூடுகிறது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. மலச்சிக்கல், மாதவிடாயில் அதிக உதிரப்போக்கு, வீட்டில் எல்லோரும் மின்விசிறியைக் கூட்டும்போது தனக்கு மட்டும் குளிர். இப்படிச் சொல்லிக்கொண்டு வரும் பெண்ணுக்கு இரண்டு விதத்தில் அநியாயம் நடக்கிறது. ‘வேலை ஜாஸ்தி, டென்ஷன், நாற்பது வயசாச்சில்ல’ என்று வீட்டிலும், சில நேரம் கிளினிக்கிலும் தட்டிக்கழிப்பது ஒன்று. ஒரே ஒரு ரிப்போர்ட்டில் எண் லேசாக ஏறியிருப்பதைப் பார்த்து ஆயுளுக்கும் மாத்திரை என்று முடிவுகட்டுவது இன்னொன்று. சரியான பரிசோதனையைச் சரியாகச் செய்தால் இரண்டையும் தவிர்க்கலாம்.

சென்னை உட்பட எட்டு நகரங்களில் நடந்து 2013இல் வெளியான ஆய்வு, பெரியவர்களில் ஏறத்தாழ 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைபாடு இருப்பதாகச் சொன்னது. அவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு, அந்த ஆய்வில் இரத்தம் கொடுக்கும்வரை அது தெரியாது. ஆகவே சந்தேகம் வந்தால் பரிசோதனை கேட்பது மிகையான பயமல்ல. ஆனால் களைப்புக்கும் முடி உதிர்வுக்கும் தைராய்டு மட்டுமே காரணமென்று நினைத்துவிடவும் கூடாது. 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள். தைராய்டுக்கு இரத்தம் எடுக்கும்போதே ஹீமோகுளோபினையும் சர்க்கரையையும் சேர்த்துப் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் பார்க்க வேண்டியது டிஎஸ்ஹெச். இது தைராய்டு சுரப்பியிலிருந்து வருவதல்ல. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன். கட்டட வேலையில் கொத்தனார் மந்தமானால் மேஸ்திரியின் குரல் உயருமல்லவா, அதுபோலத் தைராய்டு சுரப்பது குறைந்தால் டிஎஸ்ஹெச் ஏறும். தைராய்டு மிதமிஞ்சிச் சுரந்தால் டிஎஸ்ஹெச் இறங்கிவிடும். எடை குறைவு, படபடப்பு, கை நடுக்கம், அதிக வியர்வை என்று வருபவர்களிடம் காண்பது இந்த இரண்டாவது நிலை. பெரும்பாலான லேப்களில் இயல்பு அளவு சுமார் 0.4 முதல் 4.5 வரை, உங்கள் ரிப்போர்ட்டில் அச்சிட்டிருக்கும் வரம்போடுதான் ஒப்பிட வேண்டும்.

டிஎஸ்ஹெச் வரம்பு தாண்டியிருந்தால் அடுத்தது ஃப்ரீ டி4, அதாவது தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோனில் இரத்தத்தில் கட்டுப்படாமல் உலவும் பகுதி. இதைப் பெயர் சொல்லியே கேளுங்கள். ‘தைராய்டு ப்ரொஃபைல்’ என்று லேப்களில் எடுக்கும் தொகுப்பில் பல நேரம் இருப்பது மொத்த டி3, மொத்த டி4. கர்ப்பத்தாலும் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையாலும், நோய் எதுவும் இல்லாமலே அந்த மொத்த அளவு கூடும். குறைபாட்டைக் கண்டுபிடிக்க டி3 அவ்வளவாக உதவாது. நோய் முற்றும்வரை அது இயல்பாகவே இருக்கக்கூடும். மிகைச்சுரப்பு என்ற சந்தேகம் இருந்தால் டி3 அவசியம்.

டிஎஸ்ஹெச் கூடியிருப்பவர்களுக்கு ஆன்டி டிபிஓ என்ற எதிர்ப்பொருள் பரிசோதனையையும் டாக்டர்கள் எழுதுவதுண்டு. உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குகிறதா என்பதை அது காட்டும். அப்படித் தாக்கும் நோயை 1912இல் விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோவின் பெயரில்தான் அது வழங்குகிறது. இந்த எதிர்ப்பொருளை ஒரு தடவை பார்த்தால் போதும். ஆண்டுதோறும் அதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. கழுத்தில் கட்டியோ வீக்கமோ தட்டுப்படாதவர்களுக்கு ஸ்கேனும் பெரும்பாலும் வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். டிஎஸ்ஹெச் இயல்பாக இருந்தும் தைராய்டு குறைந்திருக்கலாம். பிரசவத்தில் கடுமையாக இரத்தம் போனால் பிட்யூட்டரியே சேதமடைவதுண்டு. ஷீஹன் நோய் என்பார்கள். மேலைநாடுகளில் அரிதாகிவிட்ட இது, நம் நாட்டில் இன்னும் காணப்படுகிறது. குழந்தை பிறந்தபின் பால் சுரக்கவில்லை, மாதவிலக்கு திரும்பவில்லை, ஆண்டுக்கணக்கில் சோர்வு என்றால், அந்தப் பெண்ணுக்கு டிஎஸ்ஹெச் மட்டும் பார்ப்பது போதாது. ஃப்ரீ டி4 கட்டாயம் வேண்டும். பிட்யூட்டரி கெட்டால் குறையக்கூடிய இன்னொரு ஹார்மோனான கார்டிசாலையும் பார்க்க வேண்டும். கார்டிசால் குறைவைச் சரிசெய்யாமல் தைராய்டு மாத்திரையை மட்டும் தொடங்குவது உயிருக்கே ஆபத்து. பிரசவத்தில் இரத்தம் ஏற்றியிருந்தால், அது பத்து வருடத்துக்கு முந்தைய கதையானாலும், டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

இரத்தம் கொடுக்கும் நேரமும் முடிவை மாற்றும். டிஎஸ்ஹெச் இரவிலும் விடியற்காலையிலும் உயர்ந்து பிற்பகலில் தாழும். வெறும் வயிறு கட்டாயமில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரே நேரத்தில், முடிந்தால் காலையில், அதே லேபில் கொடுத்தால்தான் பழைய எண்ணோடு ஒப்பிட முடியும். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் மாத்திரைகளில் பயோட்டின் நிறைய இருக்கும். சில லேப் முறைகளில் அது டிஎஸ்ஹெச்சைக் குறைத்தும் டி4ஐக் கூட்டியும் காட்டி, இல்லாத மிகைச்சுரப்பை இருப்பதுபோல் ஆக்கிவிடும். குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிடுங்கள். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் சாப்பிடுபவர்தான் தைராய்டு பரிசோதனைக்கும் வருகிறார் என்பதால் இந்தக் குழப்பம் அடிக்கடி நேரக்கூடியது. கடும் காய்ச்சலிலோ ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதோ எடுத்த ரிப்போர்ட்டையும் அப்படியே நம்ப வேண்டாம். உடம்பு தேறியபின் மறுபடி பார்க்க வேண்டும். லித்தியம், அமியோடரோன், ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

டிஎஸ்ஹெச் 6 அல்லது 7, ஃப்ரீ டி4 இயல்பு என்று வந்தால் பதறாதீர்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால் பலருக்கு அது தானாக இறங்கியிருக்கும். 10ஐத் தாண்டி நிலைத்தால் பெரும்பாலும் சிகிச்சை தொடங்குவார்கள். எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு டிஎஸ்ஹெச் சற்றுக் கூடுவது முதுமையின் இயல்பு. அவசரமாக மாத்திரை கொடுத்தால் இதயம் சிரமப்படும். கர்ப்பிணிகளின் கணக்கு வேறு. அவர்களுக்கு வரம்பு தாழ்ந்தது, காத்திருக்கவும் நேரமில்லை. பிரசவமான முதல் ஆண்டில் படபடப்போ மிகுந்த சோர்வோ வந்தாலும் தைராய்டைப் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு அழற்சி, பலருக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும்.

டாக்டரிடம் போகும்போது என்ன தொந்தரவு, எப்போதிலிருந்து என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அம்மாவுக்கோ அக்காவுக்கோ தைராய்டு உண்டா, உங்களுக்கு வெண்புள்ளியோ டைப் 1 சர்க்கரையோ உண்டா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘உடம்பு முடியல’ என்று பொதுவாகச் சொல்வதைவிட ‘நாலு மாசமா மாடி ஏற முடியல, குரல் கரகரக்குது’ என்பது டாக்டருக்கு உதவும்.

மாத்திரை தொடங்கியபின் பதினைந்து நாளில் மறுபரிசோதனை செய்வது வீண். டிஎஸ்ஹெச் நிலைப்பட ஆறு முதல் எட்டு வாரமாகும். மறுபரிசோதனை நாளன்று மட்டும் இரத்தம் கொடுத்தபின் மாத்திரை போடுங்கள். மற்ற நாட்களில் எழுந்ததும் தண்ணீரோடு விழுங்கி, காபிக்கும் பலகாரத்துக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மாத்திரை சாப்பிடும் பெண் கர்ப்பமானால் அதை நிறுத்தவே கூடாது. நாள் தள்ளிப்போனது உறுதியான அதே வாரத்தில் டிஎஸ்ஹெச் பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.