லாரிச் சக்கரத்தின் பேரிங்கு: அமைப்பும் செலவும்

நெடுஞ்சாலையில் நெல்லும் சிமெண்டும் இரும்பும் சுமந்து செல்லும் லாரியைக் காண்போர், அதன் எஞ்சினையும் டயர்களையுமே பெரிதாக எண்ணுவர். ஆனால், அவ்வளவு பாரத்தையும் சுழலாது நிற்கும் அச்சிலிருந்து சுழலும் சக்கரத்துக்கு மாற்றித் தரும் உறுப்பு, ஹப்புக்குள் கண்ணுக்குப் புலப்படாமல் மறைந்திருக்கிறது. அதனை நூல்களில் ‘தாங்கி’ என்று எழுதுகிறோம். பட்டறைகளில் ‘பேரிங்கு’ என்றே வழங்குகிறார்கள். வெளி மாநிலங்களில் வாழும் நம்மவருள் லாரி ஓட்டுவோர் உண்டு. ஒன்றிரண்டு லாரிகளை வைத்துத் தொழில் நடத்துவோரும் உண்டு. பேரிங்கு மாற்றும் செலவு சில வேளை சிறிதாகவும் சில வேளை தாங்கொணாததாகவும் அமைவது ஏன் என்பதை, அவ்வுறுப்பின் அமைப்பைக் கொண்டே அவர்கள் விளங்கிக்கொள்ளலாம்.

மாட்டு வண்டியில் சக்கரத்தின் குடம் அச்சின்மீது உராய்ந்தபடியே சுழல்கிறது. வண்டி மெல்லச் செல்வதால் மசகிட்டால் போதும். லாரியின் பாரத்துக்கும் வேகத்துக்கும் இம்முறை ஒவ்வாது. உராய்வை நீக்கி உருள வைக்க வேண்டும். குண்டு தன் வளையத்தை ஒரு புள்ளியில் தொடுகிறது. உருளையோ ஒரு கோட்டில் தொடுகிறது. ஆகவே உருளை மிகுந்த பாரம் தாங்கும். எனினும், லாரி வளைவில் திரும்பும்போது பக்கவாட்டிலும் ஒரு விசை தாக்குகிறது. அதனையும் ஏற்பதற்காக, ஒரு முனை பருத்தும் மறுமுனை சிறுத்தும் உள்ள கூம்பு உருளைகளைச் சாய்வாக அடுக்கினார்கள். அமெரிக்காவில் வண்டி செய்யும் தொழிலில் இருந்த ஹென்றி டிம்கனும், அவருடன் ரெஜினால்ட் ஹைன்செல்மனும் 1898-இல் இவ்வகைப் பேரிங்குக்குக் காப்புரிமை பெற்றனர். நம் நாட்டில் ஜெய்ப்பூரில் 1946-இல் பேரிங்கு நிறுவனம் ஒன்று தோன்றியது. 1954 முதல் லாரிகளை உருவாக்கி வரும் ஜாம்ஷெட்பூரில், கூம்பு உருளைப் பேரிங்கு செய்யும் ஆலையும் இன்று உள்ளது.

இப்பேரிங்கு இரு பகுதிகளாகப் பிரியும். உருளைகளோடு கூடிய உள்வளையம் ‘கோன்’. அது அச்சின்மீது அமர்கிறது. வெளிவளையம் ‘கப்’, அது ஹப்புக்குள் இறுக்கமாகப் பதிகிறது. கூம்பு உருளை பாரத்தை ஏற்கும்போது ஒரு பக்கமாக நழுவிச் செல்லவே முயலும். ஆகையால் ஒவ்வொரு சக்கரத்திலும் இரண்டு பேரிங்குகளை எதிரெதிராக வைக்கிறார்கள். சக்கரத்தின் நடுக்கோட்டுக்கு அருகில் இருந்து மிகுந்த பாரம் தாங்கும் உட்புறப் பேரிங்கு பெரியது; வெளிப்புறப் பேரிங்கு சிறியது.

இரண்டையும் இணைத்து நிறுத்துவது அச்சின் முனையிலுள்ள நட்டு. இதனை முடுக்கும் அளவில்தான் பேரிங்கின் ஆயுள் அடங்கியிருக்கிறது. அளவுக்கு மீறி இறுக்கினால் ஹப் சூடேறும். கிரீஸ் உருகி வழியும். உருளைகள் நீலம் பாய்ந்து கருகும். தளர்வாக விட்டால் சக்கரம் ஆடும். ஆயில் சீல் தேயும். டயரும் ஒழுங்கின்றித் தேயும். கையால் முடுக்கிச் சரிசெய்யும் கனரக வண்டி ஹப்புகளில், முடுக்கி முடித்தபின் இருக்க வேண்டிய அசைவு 0.025 முதல் 0.125 மில்லிமீட்டர் வரை எனப் பொதுவாகச் சொல்வர். ஏறத்தாழ ஒரு தாளின் கனமே அதன் மேல் எல்லை. இதனைக் கையால் ஆட்டிப் பார்த்து அறிய இயலாது. டயல் கேஜ் வைத்து அளத்தல் வேண்டும். குறிப்பிட்ட லாரிக்குரிய அளவை அதன் கையேட்டில் கண்டுகொள்ளலாம்.

பேரிங்குக்குப் பகை மூன்று: மிகுபாரம், நீர், அழுக்கு. உருளைப் பேரிங்கின் மேல் பாரம் இரண்டு மடங்கானால், அதன் ஆயுள் பாதியாகக் குறைவதில்லை. ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. நான்கு டயர்கள் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன் என்றிருந்த சட்ட வரம்பை மத்திய அரசு 2018-இல் 11.5 டன்னாக உயர்த்தியது. பழைய வரம்பு வரை ஏற்றி வந்த லாரி, அதே பேரிங்குகளோடு புதிய வரம்பு வரை ஏற்றுமானால், அவற்றின் ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு கழியும் எனக் கணக்கிடலாம். வரம்பையும் மீறி ஏற்றுவோரின் இழப்பைச் சொல்ல வேண்டுவதில்லை.

நீர் புகும் விதம் நோக்கத்தக்கது. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய ஹப், மழைக்காலத்தில் தேங்கிய வெள்ளத்தில் இறங்கியதும் குளிர்கிறது. உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. தேய்ந்த ஆயில் சீலின் வழியே நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அன்று ஒன்றும் தெரியாது. சில வாரங்களுக்குப் பின் உருளைகளில் துருப் புள்ளிகள் தோன்றும்; அவ்விடங்களில் உலோகம் செதில் செதிலாகப் பெயரும்.

இனிச் செலவுக்கு வருவோம். அதில் நான்கு கூறுகள் உண்டு. முதலாவது, பேரிங்கு, ஆயில் சீல், கிரீஸ் ஆகியவற்றின் விலை. இரண்டாவது, ஹப்பைக் கழற்றிப் பூட்டும் கூலி. மூன்றாவது, லாரி நிற்கும் நாட்களின் இழப்பு. வண்டி நின்றாலும் கடன் தவணை நிற்பதில்லை. நான்காவது, காலம் தாழ்த்தியதால் விளையும் கேடு: அச்சு முனை தேய்தல், ஹப் பழுதாதல், கிரீஸ் பட்டு பிரேக் லைனர் வீணாதல், ஈற்றில் சக்கரமே கழன்று பிறர் உயிருக்குத் தீங்காதல். முதற்கூறை மிச்சப்படுத்த எண்ணுவோர் நான்காம் கூறை விலைக்கு வாங்குகின்றனர்.

பல லாரிகளில் பிரேக் லைனர் மாற்ற ஹப்பைக் கழற்றியே ஆக வேண்டும். பேரிங்கைச் சோதிக்க அதுவே தக்க தருணம். கூலி இருமுறை ஆகாது. கழற்றியபோதெல்லாம் ஆயில் சீலைப் புதிதாக இடுதல் நன்று. கோனில் பள்ளமோ நீலமோ காணப்பட்டால் கப்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும்; பழைய கப்பின் தேய்ந்த தடம் புதிய உருளைகளையும் கெடுத்துவிடும். புதிய கப்பை எஃகு உளியால் அடித்து இறக்கலாகாது. மென்மையான பித்தளைத் துண்டையோ உரிய கருவியையோ பயன்படுத்த வேண்டும். போலிப் பொருள்கள் நடமாடுவதால், ரசீது தரும் கடையில் வாங்குதல் சிறப்பு.

புதிய கனரக லாரிகள் சிலவற்றில் இரு பேரிங்குகளையும் சீலையும் கிரீஸையும் ஆலையிலேயே ஒன்றாக அடைத்து, அசைவையும் அங்கேயே அமைத்துத் தருகிறார்கள். வழியில் கிரீஸ் மாற்றும் வேலையும், அசைவைச் சரிசெய்யும் வேலையும் இல்லை. பழுதானாலோ அத்தொகுப்பு முழுவதையும் மாற்ற வேண்டும். பழைய அமைப்பில் பொருளின் விலை குறைவு, பராமரிப்புக் கவனம் மிகுதி. புதியதில் கவனம் குறைவு, பொருளின் விலை மிகுதி. நல்ல மெக்கானிக் எளிதில் கிட்டும் வழித்தடத்தில் ஓடும் வண்டிக்குப் பழைய அமைப்பே சிக்கனமாக இருத்தல் கூடும்.

எந்த அமைப்பாயினும், நிறுத்தும் இடங்களில் நான்கு குறிகளைக் கவனித்தல் வேண்டும்: ஒரு ஹப் மட்டும் மற்றவற்றினும் மிகுந்த வெப்பத்தை வீசுதல், சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் கசிதல், ஓடும்போது உறுமல் எழுதல், ஜாக்கியில் தூக்கி அசைத்தால் சக்கரம் ஆடுதல். இவற்றுள் ஒன்று காணப்படினும், ஏற்றிய சரக்கை உரிய நேரத்தில் சேர்க்கும் அவசரம் எவ்வளவு இருப்பினும், அடுத்த பட்டறையிலேயே ஹப்பைத் திறந்து பார்த்தபின் பயணத்தைத் தொடர்வதே முறையாகும்.