டிராக்டர் தொடக்கக் கோளாறு

டிராக்டர் தொடக்கக் கோளாறு என்பது, சாவியைத் திருப்பிய பின்னும் டிராக்டரின் எஞ்சின் இயங்கத் தொடங்காத நிலையைக் குறிக்கும். தமிழ்நாட்டில் இது "வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை" என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், அதனுள் இருவேறு நிலைகள் உள்ளன. ஒன்றில் எஞ்சின் சுழல்வதே இல்லை. பேச்சு வழக்கில் இது "செல்ஃப் எடுக்கவில்லை" எனப்படும். மற்றொன்றில் எஞ்சின் நன்றாகச் சுழல்கிறது, ஆனால் எரிபொருள் பற்றுவதில்லை. முன்னது பெரும்பாலும் மின்சுற்றின் கோளாறு. பின்னது பெரும்பாலும் டீசல் வரும் வழியின் கோளாறு. இவ்விரண்டில் எது என்று தெளிவதற்கு முன் கருவிப்பெட்டியைத் திறப்பது வீண் வேலை.

பின்னணி

1989ஆம் ஆண்டு வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட திருவண்ணாமலை மாவட்டத்தில் நெல், நிலக்கடலை, கரும்பு ஆகியன முக்கியப் பயிர்கள். ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் இருப்பினும், நிலக்கடலையின் பெரும்பகுதி மானாவாரியாகவே விதைக்கப்படுகிறது. மழை பெய்து மண் பதமாக இருக்கும் சில நாட்களுக்குள் உழுது விதைக்க வேண்டும். ஈரம் காய்ந்தபின் டிராக்டர் சரியாகிப் பயனில்லை. அடுத்த மழைக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

பட்டத்துக்குப் பட்டம் பல வாரங்கள் கொட்டகையில் நிற்கும் வண்டி, ஆடி மழை பெய்த மறுநாள் காலையில் கோளாறு காட்டுவது தற்செயலன்று. நாள்தோறும் ஓடும் வண்டியைவிட நின்றுகிடக்கும் வண்டியே தொடக்கக் கோளாற்றுக்கு அதிகம் ஆளாகிறது.

டீசல் எஞ்சினின் தனித்தன்மை

மேலை நாடுகளில் வீட்டுப் புல்தரைகளுக்குப் பயன்படும், ஏறி அமர்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டிகள் பெரும்பாலும் பெட்ரோல் எஞ்சின் கொண்டவை. அவற்றுக்கான கையேடுகள் ஸ்பார்க் பிளக், கார்புரேட்டர் ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்கின்றன. இந்திய டிராக்டர்களில் பெரும்பாலும் இவ்விரண்டும் இல்லை. டீசல் எஞ்சினில் காற்று ஏறத்தாழ 16 முதல் 20 மடங்கு வரை அழுத்தப்பட்டு, 500 பாகை செல்சியசுக்கும் மேல் சூடாகிறது. அச்சூட்டில் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. எனவே தொடங்குவதற்கு மூன்று தேவைகள் மட்டுமே உள்ளன: போதிய வேகத்தில் சுழற்சி, போதிய அழுத்தம், உரிய நேரத்தில் டீசல். இம்மூன்றில் எது குறைகிறது என்று கண்டறிவதே கோளாறு தேடுதலாகும்.

எஞ்சின் சுழலாத நிலை

டிராக்டரின் தொடக்க மோட்டார் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சில நூறு ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். இவ்வளவு பெரிய மின்னோட்டம் சாவிச் சுவிட்சு வழியாகச் செல்வதில்லை. சாவி ஒரு சிறு மின்னோட்டத்தால் சோலனாய்டு என்னும் மின்காந்தச் சுவிட்சை இயக்குகிறது. அது தடித்த கம்பிகளை இணைக்கிறது. இடையில், கிளட்ச் மிதிக்கப்பட்டிருந்தால் அல்லது கியர் நியூட்ரலில் இருந்தால் மட்டுமே மின்சாரம் செல்ல விடும் பாதுகாப்புச் சுவிட்சு பல வண்டிகளில் உண்டு. சேறும் உமியும் புகுந்து இச்சுவிட்சு பழுதாவது வழக்கமே. ஆகவே முதலில் கிளட்சை முழுவதும் மிதித்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து மீண்டும் முயல வேண்டும்.

கருவி எதுவும் இல்லாதபோது முகப்பு விளக்கே நல்ல சோதனைக் கருவி. விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பும்போது விளக்கு மங்கி அணைந்தால், பேட்டரி வலுவிழந்துள்ளது அல்லது டெர்மினல் இணைப்பு தளர்ந்துள்ளது. விளக்கு சிறிதும் மங்காமல் எரிந்தால், மின்சாரம் மோட்டாரைச் சென்றடையவில்லை. சாவிச் சுவிட்சு, பாதுகாப்புச் சுவிட்சு, சோலனாய்டு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். "டிக் டிக்" என்று விரைவான ஒலி தொடர்ந்து கேட்பது மின்னேற்றம் குறைந்த பேட்டரியின் அடையாளம். "டக்" என்ற ஒற்றை ஒலியோடு நின்றுவிட்டால் சோலனாய்டின் தொடுமுனைகளோ மோட்டாரோ பழுதாகியிருக்கலாம். மோட்டார் மட்டும் விர்ரென்று சுழன்று எஞ்சின் அசையாதிருப்பின், மோட்டாரின் சிறு பற்சக்கரம் எஞ்சினின் பெரிய சக்கரத்தோடு கவ்வவில்லை எனலாம்.

ஓய்வில் உள்ள பேட்டரியில் 12.6 வோல்ட் அளவு இருந்தால் அது முழு மின்னேற்றம் கொண்டது. 12.2 வோல்ட் என்பது ஏறத்தாழப் பாதி. பேட்டரி பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் தானே மின்னிறக்கம் அடையும். வெப்பம் கூடக்கூட இது விரைவுபடும். சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கொட்டகையில் நின்ற வண்டியின் பேட்டரி ஆடியில் கைவிடுவதன் காரணம் இதுவே. வெயில் பேட்டரியின் நீரையும் குறைத்துவிடும். தட்டுகள் மூழ்கும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். கிணற்று நீரிலுள்ள உப்புகள் தட்டுகளைக் கெடுக்கும்.

டெர்மினல்களில் பூக்கும் வெண்மையான அல்லது பச்சை நிறப் பொடி மின்தடையை ஏற்படுத்தும். ஆப்பச்சோடா கரைத்த வெந்நீரால் அதைக் கழுவலாம்; கரைசல் பேட்டரிக்குள் புகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பூட்டும்போது அதனைக் கடைசியிலும் கையாள வேண்டும். இல்லையேல் நேர்முனையில் உள்ள ஸ்பேனர் வண்டியின் உடலில் பட்டுப் பெரும் தீப்பொறி எழும். மின்னேற்றத்தின்போது பேட்டரியிலிருந்து வெளிவரும் ஐதரசன் வளி அப்பொறியால் வெடிக்கக்கூடும்.

ஸ்குரூடிரைவரால் இணைத்தல்

சாவி வேலை செய்யாதபோது தொடக்க மோட்டாரின் இரு டெர்மினல்களையும் ஸ்குரூடிரைவரால் இணைத்து வண்டியை இயக்குவது ஊர்ப்புறங்களில் ஒரு திறமையாகவே கருதப்படுகிறது. உலகெங்கும் டிராக்டர் ஏறி உயிரிழப்பவர்கள் பற்றிய பாதுகாப்புக் கையேடுகளில் திரும்பத் திரும்ப எச்சரிக்கப்படும் செயல் இது. அவ்வாறு செய்பவர் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே தரையில் நிற்கிறார். அவர் பாதுகாப்புச் சுவிட்சைத் தாண்டி மின்சாரத்தைச் செலுத்துவதால், கியர் விழுந்திருந்தாலும் மோட்டார் சுழலும். பழைய முறை எரிபொருள் பம்ப் கொண்ட டீசல் எஞ்சின் எரிவதற்கு மின்சாரம் தேவையில்லை. சாவி அணைந்திருந்தாலும், நிறுத்தக் குமிழ் உள்ளே இருந்தால் எஞ்சின் பற்றிக்கொள்ளும். அடுத்த கணத்தில் பின்சக்கரம் அவர்மேல் ஏறும். விலக நேரம் இருக்காது. சுவிட்சின் விலை சில நூறு ரூபாய் அளவிலானதே. அது வரும்வரை வண்டி நிற்பதே முறை.

எஞ்சின் சுழன்றும் பற்றாத நிலை

இந்நிலையில் புகைபோக்கியைக் கவனிப்பது பாதி வேலையை முடித்துவிடும். சுழலும்போது புகையே வராவிட்டால் டீசல் எஞ்சினை அடையவில்லை. வெண்புகை வந்தால் டீசல் வருகிறது, ஆனால் எரியவில்லை. சுழற்சி வேகம் குறைவு, அழுத்தக் குறைவு அல்லது குளிர் காரணமாகலாம். திருவண்ணாமலைச் சமவெளியில் குளிர் ஒரு பொருட்டல்ல. சவ்வாது மலைப்பகுதியின் மார்கழிக் காலையில் அது காரணமாகக்கூடும். கரும்புகை வந்தால் காற்று போதவில்லை. கதிரடிப்புத் தூசி அடைத்த காற்று வடிகட்டியைப் பார்க்க வேண்டும்.

புகை வராத வண்டியில் முதலில் காண வேண்டியவை மிக எளியவை: டேங்கில் டீசல் உள்ளதா, டேங்கின் அடியிலுள்ள குழாய்த்திருகு திறந்துள்ளதா, வண்டியை நிறுத்த இழுத்த குமிழ் மீண்டும் உள்ளே தள்ளப்பட்டதா. கடைசியாகச் சொன்னதை மறந்துவிட்டு மெக்கானிக்கை அழைத்தவர்கள் குறைவல்லர். புதிய வண்டிகளில் இக்குமிழுக்குப் பதிலாக மின்காந்த வால்வு உள்ளது. அதன் கம்பி கழன்றாலும் டீசல் நின்றுவிடும்.

அடுத்தது, "ஏர் பிடித்தல்" எனப்படும் கோளாறு. டேங்க் முற்றிலும் காலியாகும்வரை ஓட்டினாலோ, வடிகட்டியை மாற்றினாலோ, குழாய் இணைப்பு தளர்ந்தாலோ டீசல் வழியில் காற்று புகும். திரவம் எளிதில் அமுங்காது, காற்று அமுங்கும். நாசில் திறக்க ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தம் தேவை. பம்ப் தள்ளும்போது குழாயிலுள்ள காற்றுக்குமிழி சுருங்கி விரிவதோடு சரி, நாசில் திறப்பதில்லை. எனவே டேங்கில் டீசல் நிரப்பிவிட்டு எவ்வளவு நேரம் செல்ஃப் அடித்தாலும் வண்டி பற்றாமல் பேட்டரிதான் தீரும்.

காற்றை வெளியேற்றுதல் எப்போதும் டேங்கிலிருந்து நாசிலை நோக்கிய வரிசையில் நடைபெற வேண்டும். முதலில் வடிகட்டியின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்த வேண்டும். முதலில் நுரையாக வரும் டீசல், காற்றுக்குமிழி இன்றி ஒரே சீராக வழியும்போது, பம்பை அழுத்தியபடியே திருகை முடுக்க வேண்டும். இரண்டு வடிகட்டிகள் இருப்பின் இரண்டிலும், பின்னர் உயர் அழுத்தப் பம்பின் திருகிலும் இதையே செய்ய வேண்டும். அதன்பிறகும் பற்றாவிட்டால், நாசில்களுக்குச் செல்லும் குழாய்களின் நட்டுகளை அரைச்சுற்றுத் தளர்த்தி, கியர் நியூட்ரலில் இருக்க, ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஒருவர் சில நொடிகள் செல்ஃப் அடிக்க வேண்டும். டீசல் கசிந்ததும் முடுக்கிவிடலாம். கசிவைக் கையால் சோதிக்கக் கூடாது. உயர் அழுத்த டீசல் தோலைத் துளைத்து உட்செல்லும். காயம் சிறு புள்ளியாகத் தோன்றினாலும் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும். 2023 சனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு நடைமுறைக்கு வந்த மாசு விதிகளை ஒட்டி, காமன் ரெயில் முறை எஞ்சின்கள் பரவியுள்ளன. அவற்றில் அழுத்தம் ஆயிரம் வளிமண்டலத்தையும் தாண்டும் என்பதால் நாசில் குழாய்களை வயலில் தளர்த்துவது அறவே கூடாது.

ஒரு முறை செல்ஃப் அடிப்பது 10 முதல் 15 நொடிகளுக்கு மேற்படலாகாது. இடையில் ஒரு நிமிடமாவது விட வேண்டும். தொடர்ந்து அடித்தால் மோட்டாரின் சுருள் கருகும்.

நிறுத்திவைக்கும் காலம்

பாதி காலியான டேங்கினுள் உள்ள காற்றின் ஈரம் இரவில் நீராகப் படிந்து, டீசலைவிடக் கனமானதால் அடியில் தேங்கும். ஆகவே பட்டம் முடிந்ததும் டேங்கை நிரப்பி நிறுத்துவதும், மீண்டும் இயக்குமுன் வடிகட்டியின் அடித்திருகைத் திறந்து நீரை வடிப்பதும் வழக்கம். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி வைக்கலாம். அல்லது இரு வாரங்களுக்கு ஒருமுறை அரைமணி நேரம் எஞ்சினை ஓடவிடலாம். வயர்களைக் கடிக்கும் எலிகளுக்கு, வைக்கோல் போருக்கு அருகில் நிற்கும் டிராக்டர் நல்ல உறைவிடம் என்பதால், நிறுத்தும் இடத்தையும் மாற்றிக்கொள்வது நலம்.