அப்பளம்போல் வளைந்த வளையம்

கல்லூரி மாணவியான தன் மகளின் எக்கோ ரிப்போர்ட்டில் ‘மைட்ரல் வால்வ் ப்ரோலாப்ஸ்’ என்று பார்த்ததிலிருந்து தூக்கமே போய்விட்டதாகத் தஞ்சாவூர் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். இதயத்தின் இடது கீழறை சுருங்கும்போது மூடிக்கொள்ள வேண்டிய இரண்டு இதழ்கள், மேலறைப் பக்கம் பிதுங்குவதுதான் இது. ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் ‘க்ளிக்’ சத்தமும் அதையடுத்து வரும் முணுமுணுப்பும் இந்த வால்விலிருந்துதான் வருகின்றன என்று ஜொகானஸ்பர்க் மருத்துவர் ஜான் பார்லோ 1963-இல் நிறுவினார்.

கோளாறு இதழோடு நிற்பதில்லை. இதழின் நடு அடுக்கு நீர்கோத்துத் தடிக்கும். கொலாஜன் இழைகள் சிதையும். இதழைக் கீழிருந்து பிடித்திருக்கும் நாண்கள் நீளும், சில வேளை அறுந்தும் போகும். சிலருக்கு வால்வின் வளையமே கீழறைத் தசையை விட்டுச் சில மில்லிமீட்டர் விலகி நிற்கும். அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாவதுண்டு.

எனக்குத் தீராத வியப்பு அந்த வளையத்தின் மேல்தான். தட்டையான வட்டம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். ஆனால் எங்கள் வீட்டு வாணலியில் பொரிந்து வரும் அப்பளத்தைப்போல, எதிரெதிரே இரண்டு ஓரம் உயர்ந்தும் மற்ற இரண்டு ஓரம் தாழ்ந்தும் வளைந்திருக்கிறது அது. எக்கோவில் வளையத்தின் இரு முனைகளையும் கோட்டால் இணைத்து, இதழ் அதைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். நான்கு அறைகளும் தெரியும் கோணத்தில் பிடித்தால் தாழ்ந்த ஓரங்கள்தான் சிக்கும். கோடு கீழே விழும். நலமான இதழும் பிதுங்கியதாகத் தெரியும். பாஸ்டன் ஆய்வாளர்கள் 1980-களின் பிற்பகுதியில் இதை வெளிக்கொணர்ந்தார்கள். உயர்ந்த ஓரங்கள் தெரியும் நீள்வெட்டுக் கோணத்தில் 2 மில்லிமீட்டருக்கு மேல் பிதுங்கினால்தான் ப்ரோலாப்ஸ் என்பது அதன்பின் வந்த அளவுகோல். அதை வைத்து அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் இதய ஆய்வு 1999-இல் கணக்கிட்டபோது, பரிசோதிக்கப்பட்டவர்களில் 2.4 சதவீதம் பேருக்குத்தான் அது இருந்தது.

அதுவரை எத்தனை இளம்பெண்கள் வீணாக இதய நோயாளிகள் ஆனார்களோ! இன்றும் ஒற்றை வரியை எழுதிக் கையில் கொடுத்துவிட்டு, விளக்கம் சொல்லாமல் அனுப்புவது பெரும் அலட்சியம். அதற்காக ரிப்போர்ட்டைப் பீரோவில் பூட்டிவிடவும் கூடாது. வால்வு சரியாக மூடாமல் ரத்தம் மேலறைக்குத் திரும்பிக் கசிவது கூடினால், வால்வைச் சீரமைக்க வேண்டிவரும்.

அம்மா, மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தக் கோணத்தில் எத்தனை மில்லிமீட்டர் பிதுங்கல், இதழின் தடிப்பு 5 மில்லிமீட்டரை எட்டியதா, கசிவு எவ்வளவு? மகளுக்கு மயக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்காதீர்கள்.