பனியூர்தியின் செலுத்து கிளச்சும் அதன் பேணுகையும்

இயந்திரம் யாதாயினும் அதற்கு எண்ணெய் வேண்டும் என்பது பொதுவாக நிலவும் கருத்தாகும். தையற்பொறி, துவிச்சக்கரவண்டி, நீரிறைக்கும் பொறி ஆகிய யாவும் எண்ணெய் பெற்றே நெடுநாள் உழைக்கின்றன. இப்பொது விதிக்குப் புறனடையாக, எண்ணெயையே பகையாகக் கொண்ட உறுப்பொன்று உண்டு. குளிர்மிக்க வடபுலங்களில் உறைபனிமீது ஓடும் பனியூர்தியின் செலுத்து கிளச்சே அது. அதனைத் துப்புரவாகவும் உலர்வாகவும் பேணவேண்டுவது ஏன் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

முன்னே இரு சறுக்குப் பலகைகளும், பின்னே இடையறாது சுழலும் அகன்ற றப்பர்த் தடமும் கொண்டது பனியூர்தி. கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த யோசப் ஆர்மண்ட் பொம்பார்டியர் என்பார் 1959 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஸ்கீ-டூ’ என்னும் சிறிய ஊர்தி இவ்வகையைப் பலரும் அறியச் செய்தது. 1960 களில் பின்லாந்தின் வடகோடியிலுள்ள செவெத்தியார்வி என்னும் ஊரைச் சார்ந்த சாமி மக்கள் கலைமான் மேய்ப்பதற்கு இவ்வூர்தியைக் கையாளத் தொடங்கினர். கனடாவின் வடக்கிலே நாய்கள் இழுத்த சறுக்கு வண்டிகளின் இடத்தையும் இதுவே பெரும்பாலும் பற்றிக்கொண்டது. நாய் களைத்தால் இளைப்பாறி எழும். பொறி பழுதுற்றாலோ தானே எழாது. ஊரினின்று பல மைல் தொலைவில், பூச்சியத்துக்குக் கீழே முப்பது பாகைக் குளிரில் ஊர்தி நின்றுவிடின், அஃது உயிருக்கே இடராகும். ஆதலின் கிளச்சைப் பேணுதல் வெறும் அழகு கருதிய செயலன்று.

இனி, அது தொழிற்படும் முறையை நோக்குவோம். செலுத்து கிளச்சு எஞ்சினின் சுழல்தண்டிலே பொருத்தப்பட்டது. சரிந்த முகமுடைய இரு தட்டுகள் அதில் எதிரெதிராக அமைந்துள்ளன. ஒன்று நிலையானது, மற்றையது தண்டின் வழியே நகரக் கூடியது. இவற்றினிடையே ஆப்புவடிவான றப்பர்ப் பட்டி கிடக்கின்றது. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது ஒரு சுருள்வில் தட்டுகளை விலக்கி வைத்திருத்தலால் பட்டி அசையாதிருக்கும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,000 முதல் 4,000 வரையான சுழற்சிகளை எஞ்சின் அடைந்ததும், கிளச்சினுள் உள்ள சிறு நிறைகள் மையநீக்க விசையால் வெளியே வீசப்பட்டு, உருளைகளை உந்தி, வில்லை வென்று, நகருந் தட்டை நெருக்குகின்றன. பட்டி பற்றப்படுகின்றது, ஊர்தி நகர்கின்றது. வேகம் கூடக் கூடத் தட்டுகள் மேலும் நெருங்க, பட்டி அவற்றின் வெளிவிளிம்பை நோக்கி ஏறுகின்றது. மறுமுனையிலுள்ள இரண்டாங் கிளச்சிலோ அது மையத்தை நோக்கி இறங்குகின்றது. இவ்வாறு ஓட்டுநர் கைவைக்காமலே கியர் மாறுகின்றது. மையநீக்க விசை சுழற்சி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. வேகம் இருமடங்காயின் விசை நான்கு மடங்காகும். நிறைகளுக்கும் வில்லுக்கும் இடையேயுள்ள இச்சமநிலையே கிளச்சின் உயிர்நாடி எனலாம்.

பட்டி தேயுந்தோறும் கரிய தூள் உதிர்கின்றது. அது தட்டின் முகத்திலும், உருளைகளிலும், தாங்குவளையங்களிலும் படிந்து அசைவைத் தடுக்கும். அப்பொழுது கிளச்சு பிந்திப் பற்றும். அல்லது திடீரெனப் பற்றி ஊர்தியை உலுக்கும். பட்டி வழுக்கிச் சூடேறும். அதன் பக்கங்கள் கண்ணாடிபோல் மினுங்கி, முடிவில் அறுந்துபோகும். இத்தாங்குவளையங்கள் பெரும்பாலும் எண்ணெயின்றி உலர்ந்தே இயங்குமாறு செய்யப்பட்டவை. எண்ணெயிடின் அது தூளைப் பற்றிப் பசையாக்கும். சுழற்சியின் வீச்சால் தட்டின் முகத்தையும் சேரும். உராய்வால் வாழும் உறுப்பிலே வழுக்கலை உண்டாக்குதல் தகுமோ?

துப்புரவாக்கும் முறை வருமாறு. எஞ்சினை நிறுத்தித் திறப்பை எடுத்துவிட்டு, கிளச்சு ஆறியபின் காப்புமூடியையும் பட்டியையும் அகற்றுக. கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்கு முகமூடியும் அணிந்து, அழுத்திய காற்றினால் தூளை ஊதுக. பின்னர், நூல் உதிராத துணியை ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்துத் தட்டுகளின் முகங்களைத் துடைக்க. படிவு நீங்காவிடின் மெல்லிய நைலோன் தேய்ப்பானால் இலேசாகத் தேய்த்து மீண்டும் துடைக்க. பட்டியைச் சவர்க்கார நீரிற் கழுவி நன்கு உலர்த்துதல் போதும். பெற்றோல் முதலியன றப்பருக்குத் தீங்கு செய்யும்.

அடுத்து, உருளைகள் ஒருபுறம் தட்டையாகத் தேய்ந்துள்ளனவா, நிறைகளில் பள்ளம் விழுந்துளதா, நகருந் தட்டு தளர்ந்து ஆடுகின்றதா என்பவற்றைப் பார்க்கவேண்டும். பட்டியின் அகலத்தை அளந்து, தயாரிப்பாளர் விதித்த எல்லைக்குக் குறைந்திருப்பின் புதியதை இடுக. கிளச்சைத் தண்டினின்று கழற்ற நேரின், அதற்கெனவுள்ள கருவியையே பயன்படுத்துக. சுத்தியலால் அடித்தல் தண்டையே வளைத்துவிடலாம். மூடியைத் திறக்கும்போது அமுங்கிய வில் பாயக்கூடும். எனவே பயிற்சியில்லாதார் அதனைத் தேர்ந்த தொழிலாளரிடம் விடுவதே நன்று. மீளப் பூட்டும்போது மூடியிலும் உடலிலும் உள்ள அடையாளங்கள் நேர்படல் வேண்டும். இன்றேல் சமநிலை கெட்டு அதிர்வு தோன்றும். தண்டின் கூம்புமுனை துப்புரவாயும் உலர்ந்தும் இருத்தல் இன்றியமையாதது. பட்டியின்றி எஞ்சினை முடுக்குதல் ஒருபோதும் ஆகாது. சுமையற்ற கிளச்சு மிகைவேகத்தில் சேதமுறும்.

இத்துணையும் செய்தற்கு வேண்டுவன ஒரு துணியும் சிறிது பொறுமையுமே. பயணம் புறப்படுவார் மாற்றுப் பட்டியொன்றை உடன் கொண்டுசெல்வது வழக்கம், அது நன்றே. ஆயினும் கிளச்சு அழுக்குற்றிருப்பின் மாற்றுப் பட்டியும் முன்னையதன் வழியே போகும். காரணத்தை நீக்காது விளைவை மாற்றுதல் தீர்வாகாது என்பது பொறியியலுக்கு மட்டும் உரிய உண்மையன்று.